பாயின்ட்டில் வைத்த மொய்

எங்கள் ஆபீசில் அந்த டூல் வந்து இறங்கிய அன்று மேனேஜர் எல்லோருக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தார், வீட்டில் ஏதோ நல்ல காரியம் நடந்ததுபோல. நானும் வெட்கமில்லாமல் ரெண்டு சாப்பிட்டேன். பிற்பாடு அந்த டூல் எனக்குச் செய்ததை நினைத்தால், இன்னும் நாலு சாப்பிட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

டூல் என்றால் சுத்தியலோ ஸ்பேனரோ இல்லை. கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு மென்பொருள். அதற்குப் பெயரும் உண்டு. சொல்லி இலவச விளம்பரம் கொடுக்க எனக்கு மனசில்லை. இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. மிஷன் வீதியை ஒட்டிய ஒரு தெருவில் கீழே டைல்ஸ் கடை, மேலே நாங்கள். பிரான்சில் இருக்கிற பல் டாக்டர்கள் அப்பாயின்ட்மென்ட் கொடுப்பதற்கான சாப்ட்வேரை இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தோம். என் வேலை டெஸ்டிங். மற்றவர்கள் எழுதியதை ஓட்டிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்க வேண்டும், அதற்குச் சம்பளம். வீட்டில் அதை நான் சும்மாவே செய்துகொண்டிருப்பதாக அம்மா சொல்வாள்.

டீமில் ஐந்து பேர். பிரெஞ்சு பேசும் அக்கா ஒருவர்; அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பாரிசிலிருந்து போன் வந்தால் அக்காதான் எடுக்க வேண்டும், எங்களுக்கெல்லாம் "போன்ழூர்" தாண்டி ஒரு வார்த்தை வராது. கடலூர் பஸ்ஸில் ஒன்றாக வந்து ஒன்றாகப் போகும் இரண்டு பேர். அப்புறம் குருசுக்குப்பத்துக்காரன். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, அடுத்தடுத்த நாற்காலி. அவன் புரோகிராம் கோடு எழுதுவான், நான் அதில் ஓட்டை கண்டுபிடிப்பேன். "உனக்கு வேற வேலையே இல்லியா?" என்பான். "இதான்டா என் வேலையே" என்பேன். இப்படி ஒரு சண்டையாவது போடாமல் எங்களுக்குப் பொழுது போகாது.

டூல் வருவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. செய்ய வேண்டிய வேலையை மஞ்சள் ஒட்டுக்காகிதத்தில் எழுதி அதில் ஒட்டுவோம். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பினால் பாதிக் காகிதம் தரையில் கிடக்கும். பொறுக்கி எடுத்து, எது முடிந்தது எது முடியவில்லை என்று தெரியாமல் குத்துமதிப்பாக ஒட்டுவோம். அப்படியும் பிரான்சில் யாருக்கும் பல் பிடுங்காமல் நின்றுபோகவில்லை. மேனேஜர் சென்னைக்குப் போய் ஒரு பயிற்சியில் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து அவர் வாயில் ஸ்பிரின்ட், வெலாசிட்டி தவிர வேறு பேச்சில்லை. அடுத்த மாதமே டூல் வந்துவிட்டது.

அது வேலை செய்யும் விதம் சுலபம். வேலைகளைத் துண்டு துண்டாக நறுக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு போட வேண்டும். கஷ்டத்துக்குத் தக்கபடி கார்டுக்குப் பாயின்ட். வேலை முடிந்ததும் ஒரு பட்டனை அமுக்கினால், கார்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்கில் பாயின்ட் ஏறிவிடும். ரெண்டு வாரம் ஒரு ஸ்பிரின்ட். அது முடிகிற வெள்ளிக்கிழமை மேனேஜர் சுவரில் புரொஜெக்டர் போட்டுக் காட்டுவார். ஆளுக்கொரு கலரில் நெட்டுக்குத்தாக ஒரு பட்டை. அதிகம் முடித்தவருக்கு உயரப் பட்டை. என்னுடையது ஊதா. பாரிசில் இருப்பவர்களும் அதே படத்தைப் பார்ப்பார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, முதலில் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. என்ன பாக்கி இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. ஆனால் கார்டில் இல்லாத எதுவும் அதற்குத் தெரியாது. அக்கா அரை நாள் போனில் நின்று, கோபமாக இருந்த பாரிஸ்காரரைத் தன்மையாகப் பேசி வழிக்குக் கொண்டுவருவார், பட்டை ஏறாது. பொறுத்துப் பார்த்துவிட்டு அக்காவும் "போன் பேசியது" என்று ஒரு கார்டு போட்டார். மேனேஜர் அதை அழித்துவிட்டு, "இதெல்லாம் வேலையில வராதும்மா" என்றார். அக்கா பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

அந்த வருஷம் அமெரிக்காவில் ஏதோ பேங்க் விழுந்தது என்று டிவியில் ஓயாமல் சொன்னார்கள். அங்கே விழுந்தால் நமக்கென்ன என்று இருந்தோம். மழைக்காலம் தொடங்கிய நேரம், மேனேஜர் எங்களை உட்கார வைத்தார்.

"பாரிஸ்ல ஒரு ஆளைக் கொறைக்கச் சொல்றாங்க. பொங்கல் கழிச்சி நாம நாலு பேராதான் இருக்க முடியும். நான் யாரையும் கை காட்ட மாட்டேன். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். டூல் இன்னா சொல்லுதோ அதான் முடிவு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நல்ல மனிதர்தான், யாரையும் கடிந்து பேசாதவர். யாரை வெளியே அனுப்புவது என்கிற பாவத்தை வாங்கிக்கொள்ள ஒரு டூல் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். எங்கள் வீட்டில் என் வேலை என்பது சம்பளம் மட்டும் இல்லை. அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு ஒரு லாரி புக்கிங் ஆபீசில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். மூலக்குளத்தில் எங்கள் தெருவில் யாரைப் பார்த்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "நம்ம பொண்ணு பிரான்சுக்கு வேலை செய்யுது" என்று ஆரம்பித்துவிடுவார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்கு அது வேண்டியிருந்தது.

ஆனால் போகப்போவது யார் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. குருசுக்குப்பத்துக்காரன்தான். அவன் மனைவிக்கு ஏழாம் மாதத்தில் பிரஷர் ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, குறைமாதத்தில் குழந்தை பிறந்துவிட்டது. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அவன் பதினோரு மணிக்கு ஆபீசுக்கு வருவான், மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவான். இருக்கிற நேரமும் ஸ்கிரீனைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பான். அவனுடைய ஆரஞ்சுப் பட்டை தரையோடு தரையாகக் கிடந்தது. கம்பெனி இன்சூரன்சில்தான் குழந்தைக்கு வைத்தியம் நடந்தது. ஆபீஸ் கணக்கிலிருந்து பெயரை எடுத்தால் இன்சூரன்சும் அன்றோடு போய்விடும்.

ஒருநாள் என்னிடம் கேட்டான். "வேலை போச்சின்னா புள்ளைய பொட்டியிலேருந்து எடுத்துடுவாங்க இல்ல?"

"லூசு மாதிரி பேசாதே. யாராவது அப்டி பண்ணுவாங்களா?" என்று கத்தினேன். பண்ணுவார்களா மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

அவன் கிளம்பிப்போன ஒரு சாயங்காலம், கடலூர்க்காரர்களில் ஒருவன்தான் சொன்னான். "மொய் வெச்சிடலாமா?"

"இன்னாடா மொய்?" என்றேன். பணம் கொடுத்தால் அவன் வாங்கமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும்.

"பாயின்ட்டுதான். கார்டை நாம முடிப்போம். பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி அவன் பேரை போட்டுட்டு அமுக்குவோம். நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா அவன் திருப்பி வெப்பான். மொய்தானே?"

எங்களுக்கு அது எவ்வளவு சரியாகப் பட்டது! கார்டில் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், டூல் தடுக்காது. ஒரு கல்யாணம் என்றால் ஆளுக்குக் கொஞ்சம் வைத்துத் தூக்கிவிடுவதில்லையா? அப்படித்தான். பொங்கல் வரைக்கும் அவன் பட்டை மற்றவர்கள் அளவுக்கு நின்றால் போதும். யார் பட்டை கடைசியாக வந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது, அஞ்சு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரம் என்றால் பாரிசில் யாரையென்று எடுப்பார்கள், விட்டுவிடுவார்கள் என்றுகூட ஒரு யோசனை. முட்டாள்தனம்தான். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

பெயர் மாற்றிய விவரத்தை டூல் எங்கள் எல்லோர் ஸ்கிரீனிலும் ஒரு வரியாகக் காட்டும். இன்ன கார்டு, இன்னாரிடமிருந்து இன்னாருக்கு. மேனேஜர் அந்த வரிகளைப் படிக்கமாட்டார், பட்டையை மட்டும்தான் பார்ப்பார். நாங்கள் படித்தோம். அதில்தான் கெட்டது. மொய் வைக்கிற இடத்தில் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசித்தால் என்ன ஆகும்? யோசனை சொன்ன கடலூர்க்காரன் மூன்று பாயின்ட் வைத்தான். அவன் நண்பன் அதைப் பார்த்துவிட்டு ஐந்து வைத்தான். அக்கா, "நான் எல்லாருக்கும் பெரியவ. சின்னப் பசங்க அஞ்சு வெச்சிருக்கும்போது நான் கொறைச்சி வெச்சா நல்லாவா இருக்கும்?" என்று எட்டு பாயின்ட் கார்டு ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். உடனே மூன்று வைத்தவனுக்கு மானம் போய்விட்டது, இன்னொன்று வைத்தான்.

என் கதை இன்னும் மோசம். டெஸ்டிங் கார்டு எல்லாம் ஒன்று, இரண்டு பாயின்ட்தான். பக்கத்து நாற்காலிக்காரி நான், நான் போய் ரெண்டு பாயின்ட்டா வைப்பேன்? எனக்கென்ன கை வராதா? ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கொடுத்து, அக்கா வைத்ததைத் தாண்டியதும்தான் நிறுத்தினேன். நாலு பேரும் என்ஜினியரிங் படித்தவர்கள். கூட்டிப் பார்த்தால் எங்கே போய் நிற்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சுவரில் படம் விழுந்தது. ஆரஞ்சுப் பட்டை எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே போய் நின்றது. அவன் வாயைத் திறந்தபடி பார்த்தான். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தான். கடலூர்க்காரர்கள் இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அக்கா வளையலைத் திருகிக்கொண்டிருந்தார்.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா? ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அலைஞ்சிக்கிட்டே இப்டி முடிச்சிருக்கார்னா! ஆளு மனசு வெச்சா எதுவும் முடியும்!" என்று கைதட்டினார். நாங்களும் தட்டினோம். பாரிசிலிருந்து பாராட்டி மெயில் வந்தது. அக்காதான் அதை எங்களுக்குப் படித்துச் சொன்னார், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

கூட்டம் முடிந்ததும் அவன் என்னிடம் வந்து, "இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றான். "கம்முனு இரு. மொய் வெச்சிருக்கோம். அப்புறமா திருப்பி செய்" என்றேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பப் பெருமையாக இருந்தது.

அடுத்த தடவை குறைத்து வைக்கலாம் என்று பேசிக்கொண்டோம். ஆனால் உயரமாக நின்ற பட்டை ஒரேயடியாக விழுந்தால் மேனேஜர் கேள்வி கேட்பாரே? அதனால் மறுபடியும் அதே அளவு வைக்க வேண்டியதாயிற்று. அந்த ஸ்பிரின்ட் முடிந்த கூட்டத்தில் மேனேஜர் படத்தை மட்டும் பார்த்துவிட்டு விடவில்லை. ஆரஞ்சுப் பட்டைக்குள் என்னென்ன கார்டு இருக்கிறது என்று திறந்து பார்த்தார். பிடிபட்டோம் என்று நினைத்தேன். பிடிபட்டிருந்தால்கூடத் தேவலை.

"அட! கோடும் எழுதறாரு, டெஸ்டிங்கும் பண்றாரு!" என்றார். "பயிற்சியில சொன்னாங்க, ஒரே ஆளு எல்லா வேலையும் செய்யணும், அதான் நல்ல டீமுன்னு. எனக்கு அப்ப வெளங்கல. இப்ப கண்ணு முன்னாடி பாக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?"

என்ன சொல்லட்டும்? "ஆமா சார்" என்றேன்.

மற்றவர்கள் வைத்தது கோடு எழுதுகிற கார்டு. அவனும் கோடு எழுதுகிறவன், அதில் கலந்துவிட்டது. நான் வைத்தது என் தொழில். அது அந்த நிமிஷமே எனக்கு உறைத்தது. இனி ஒரு கார்டும் கொடுக்கக் கூடாது என்று முடிவு பண்ணினேன். அந்த வாரம்தான் குழந்தைக்கு ஏதோ தொற்று வந்து, அவன் ஆபீஸ் பக்கமே வரவில்லை. மற்ற மூன்று பேரும் கார்டை அவன் பெயருக்கு மாற்றும் வரிகள் என் ஸ்கிரீனில் வந்துகொண்டிருந்தன. நான் மட்டும் நிறுத்தினால்? எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. திட்டிக்கொண்டேதான் கொடுத்தேன். ஆனால் கொடுத்தேன்.

பொங்கல் முடிந்து ஆபீஸ் திறந்த வாரம் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். அவ்வளவிலேயே தெரிந்துவிட்டது.

"உங்க மேல ஒரு கொறையும் இல்லம்மா. டெஸ்டிங்குக்குன்னு தனியா ஒரு ஆளு எதுக்குன்னு பாரிஸ்ல கேக்கறாங்க. டூல்ல பாத்துட்டுதான் கேக்கறாங்க. நான் இன்னா பதில் சொல்ல முடியும்?"

"சார், அந்த கார்டெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். நான் முடித்தது சார் என்று சொன்னால் போதும். அறைக்குக் கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் அவன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். அந்த நேரத்துக்கு வார்டிலிருந்து நர்சம்மா குழந்தையின் எடையைச் சொல்வார். ஆபீஸ் சத்தத்தில் கேட்காது என்று இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டிருந்தான்.

"கார்டெல்லாம்?" என்றார் மேனேஜர்.

"யாருகிட்ட ஒப்படைக்கணும் சார்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறுதல் சொல்லும் நிலைமையில் நான் இல்லை.

நான் சொல்லியிருந்தால், பாரிசில் அதை ஏமாற்று வேலை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவனைத்தான் முதலில் அனுப்பியிருப்பார்கள். இதையெல்லாம் நான் அங்கே உட்கார்ந்து யோசித்தேன் என்று சொன்னால் பொய். அந்த விரலைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மாடிப்படியில் அவன் என் பின்னாலேயே ஓடிவந்தான். "நான் போயி சொல்லிட்டு வந்துடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"வாயைத் தொறந்தே, கொன்னுடுவேன். புள்ளைய மொதல்ல வெளிய எடு."

"உனக்கு இப்டி ஆவும்னு நான்..."

"மேல போ. போடா!"

போய்விட்டான். படியில் நின்று அவன் காலடிச் சத்தம் மேலே போவதைக் கேட்டேன். சொல்லாதே என்று சொன்னது நான்தான். ஆனாலும் அவ்வளவு சீக்கிரம் அவன் என் பேச்சைக் கேட்டிருக்க வேண்டாம். அன்றைக்கு முழுக்க, அவன் சொல்லிவிடுவானோ என்று பயந்தபடியும், சொல்லிவிட மாட்டானா என்று ஏங்கியபடியும் உட்கார்ந்திருந்தேன். அக்கா மட்டும் வந்து கையைப் பிடித்து, "நான் பேசட்டுமா?" என்றார். வேண்டாம் அக்கா என்றேன். கடலூர்க்காரர்கள் தலை நிமிரவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நிமிர்ந்து என்ன செய்வது?

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். மில்லில் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர் அவர். யாருக்காவது வேலை போனது என்றால் அப்போதும் அப்படித்தான் உட்காருவாராம்.

"யாரு எழுதிக் குடுத்தது? மேனேஜரா?"

"இல்லப்பா."

"அவனுக்கு மேல இருக்கறவனா?"

"அவங்களும் இல்லப்பா. கம்ப்யூட்டர்ல ஒரு டூல் இருக்கு. அதுல வந்துடிச்சி."

"ஆளே இல்லாம எப்டிம்மா வேல போவும்? எழுதனவன்னு ஒருத்தன் இருப்பான்ல?"

மறுநாள் காலையில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மொபெட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "ஏறு, நானும் வரேன்" என்றார். வேண்டாம்ப்பா, அங்கெல்லாம் யாரும் அப்படி வரமாட்டார்கள் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை.

மேனேஜர் அறையில் அப்பா உட்காரவில்லை. "எம்பொண்ணு எட்டு மணிக்குப் பொறப்பட்டா பொழுது போயிதான் வரும். லீவு நாள்லயும் வந்துருக்கு. அது வேலையில இன்னா கொறை கண்டீங்க, சொல்லுங்க" என்றார். குரல் கணீரென்று இருந்தது. வெளியே எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவமானத்தில் எனக்குக் கூசியது. கூடவே, எனக்காகக் கேட்க ஒரு ஆள் வந்துவிட்டதே என்று நெஞ்சு நிறைந்தும் போனது.

மேனேஜர் எழுந்து நின்றார். "அய்யா, கோவப்படாதீங்க. நான் ஒண்ணும் எழுதல. நீங்களே பாருங்க" என்று மானிட்டரைத் திருப்பினார். கடைசி ஸ்பிரின்ட்டின் படம். மேலே முட்டிக்கொண்டு நின்றது ஆரஞ்சு. ஓரத்தில் கையகலத்துக்கு ஊதா. "அவங்கவங்க முடிச்ச வேலையை அதுவே எண்ணிக்கும். இது உங்க பொண்ணு. இது பக்கத்து சீட்டு பையன். இவங்க வேலையையும் சேத்து அவரே முடிச்சிருக்கார்."

"அதுவே எண்ணுமா?"

"அதுவே எண்ணுங்க. நான் கை வெக்க முடியாது."

அப்பா குனிந்து பார்த்தார். எனக்கு அப்போதே பயம் பிடித்துக்கொண்டது. அவர் மில்லில் ஒரு காலத்தில் யார் எவ்வளவு நூற்றார்கள் என்று மேஸ்திரிதான் எழுதுவாராம். வேண்டியவனுக்குக் கூட, வேண்டாதவனுக்குக் குறைத்து. சங்கம் சண்டை போட்டு, ஒவ்வொரு மெஷினிலும் மீட்டர் மாட்ட வைத்தது. அப்பாவும் அதற்காக வாசலில் உட்கார்ந்தவர். மேஸ்திரி பொய் எழுதுவான், மீட்டர் எழுதாது என்று அவர் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் வாழ்க்கையில் ஜெயித்த சண்டை அது ஒன்றுதான்.

நிமிர்ந்தபோது அவர் குரலில் பழைய கணீர் இல்லை. "சரிங்க" என்றார். கை கூப்பினார். ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார். வெளியே வரும்போது குருசுக்குப்பத்துக்காரன் எழுந்து நின்று அவருக்கு வணக்கம் சொன்னான். அப்பா அவனைப் பார்த்துத் தலையசைத்தார்.

இந்திரா காந்தி சிலை சிக்னலில் மொபெட் நின்றது. அப்பா தலையை மட்டும் திருப்பினார்.

"அந்த ஒசந்த கோடு யாருதும்மா?"

"இப்ப எழுந்து நின்னானே, அவன்துப்பா. கொழந்த பொறந்து ஆஸ்பத்திரியில இருக்கு."

"அந்தக் கஷ்டத்துலயும் அவ்ளோ வேலையா?"

அப்போது சொன்னால் அவர் வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு போய் மேனேஜர் மேசையில் அடித்துப் பேசுவார். அது நிச்சயம். குழந்தை இன்னும் பெட்டிக்குள் இருந்தது.

"ஆமாம்பா. நல்லா வேலை செய்வான்" என்றேன்.

"செய்யணும். அப்டித்தான் செய்யணும்" என்றார். பச்சை விழுந்தது.

அதற்குப் பிறகு தெருவில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், "வீட்லதான் இருக்குது" என்பார். பிரான்ஸ் என்ற வார்த்தையை விட்டுவிட்டார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மாசி மாதம் குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டதாக அக்கா போன் பண்ணினார். போய்ப் பார்த்தேன். பெண் குழந்தை. மடியில் வாங்கிக்கொண்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் டீ கொண்டுவந்து வைத்தான்; வீட்டில் யாருக்கும் அவன் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பரவாயில்லை, இனி அப்பாவிடம் சொல்ல எனக்குத் தடை ஒன்றும் இல்லை. பஸ் பிடித்து நேராக வீட்டுக்கு வந்தேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, பாயின்ட், மொய், யார் எவ்வளவு வைத்தோம், நான் எவ்வளவு வைத்தேன், அந்த உயரக் கோட்டில் பெரிய பங்கு என்னுடையது என்று மூச்சு விடாமல் சொன்னேன். நடுவில் அழுதேன்.

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் முடித்ததும் என் தலையில் கையை வைத்தார். அவர் முகத்தில் அவ்வளவு பிரியத்தை நான் பார்த்ததே இல்லை.

"விடும்மா. எங்கிட்ட போயி இவ்ளோ கதை சொல்லணுமா நீ? நான் இன்னா உன்ன அடிக்கவா போறேன்? அடுத்த எடத்துல கொஞ்சம் மனசு வெச்சி வேலை செய்."

"சரிப்பா" என்றேன்.